ஆஸ்பத்திரி வாசலில் – 9: வீட்டில் தொடரும் சிகிச்சை

சளிப் பரிசோதனையின் முடிவு வந்து, காசநோய்தான் என்று டாக்டர் உறுதி கூறிய கட்டம் வரையில் சென்ற வாரம் பார்த்தோம். அதைக் கேட்ட மாத்திரத்தில், "எத்தனை மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும்?" என்பதே நோயாளியின் முதல் கேள்வியாக இருக்கும். பெரும்பாலோர் ஒரு நாளும் படுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம்.

இந்த விடை எளிதில் கிடைத்துவிடவில்லை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவிய காலத்தில், க்ஷயரோகத்துக்குத் தூய காற்றும் ஓய்வும் புஷ்டியான ஆகாரமுமே சிகிச்சையாக இருந்தன. பின்னர் மருந்துகள் வந்தன. ஆயினும் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை ஏது? 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றவரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து வந்தனர். சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், குறைவாக உண்டு அதிகமாக உழைத்த வீட்டுப் பிரிவில் 86 பேருக்கும் நோய் அடங்கிற்று. வீட்டாருக்கும் அதனால் தொற்று மிகுதியாகவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றியது.

ஓராண்டு இப்போது ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று, யாவும் அரசு நிலையங்களில் இலவசம். அவற்றுள் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இதை முன்கூட்டி யாரும் சொல்லாததால், ரத்தமென்று அஞ்சி மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தீங்கற்றது, ஆனால் கண்ணில் மஞ்சள் படர்ந்தாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பார்வை மங்கினாலும் தாமதமின்றி டாக்டரிடம் செல்ல வேண்டும்.

உண்மையான அபாயம் சில வாரங்கள் கழித்தே வருகிறது. ஜுரம் தணிந்து, பசியெடுத்து, உடம்பு தேறியதும், 'இனி மருந்து எதற்கு?' என்னும் எண்ணம் இயல்பாகவே எழும். அப்போதும் கிருமிகள் சில நுரையீரலில் உயிரோடு தங்கியிருக்கும். மருந்தை இடையில் விட்டால் அவை பெருகி, பழைய மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும்.

ஆகவே, இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் சளிப் பரிசோதனை, வீட்டாருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்குச் சோதனை, மருந்து முடிந்தபின் ஈராண்டு வரை ஆறு மாதத்துக்கொரு முறை கண்காணிப்பு ஆகியவற்றை நோயாளி தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். இவற்றோடு, உடம்பு தேறிய பின்னும் மருந்து எதற்கு என்பதை அவருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமே. அதற்குச் செலவிடும் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கிற மருத்துவமனை, தான் கொடுத்த மருந்தையே வீணாக்கிவிடுகிறது.

மருந்துக்கு அடங்காத காசநோயைப் பற்றி அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)