உஷார்! அந்த சிவப்பழகு கிரீமைத் தொடாதீர்கள்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் யாராவது ஒரு கிரீம் டப்பாவை நீட்டினால், வாங்கிப் பூசிவிடாதீர்கள். தயாரித்தவர் முகவரி இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லை, ‘ஏழே நாளில் சிவப்பு’ என்ற வாக்கு மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறதா? உள்ளே பாதரசம் இருக்கக்கூடும்.

பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். முகம் சட்டென்று வெளுப்பது அதனால்தான். ஆனால் அது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கும் போகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள்! நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். பூசுகிறவரோடும் இது நிற்பதில்லை. துண்டு, தலையணை வழியாகக் குழந்தைக்கும் பாதரசம் போய்ச் சேரும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு ட்யூப் இன்னொரு கண்ணி. தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், பூசுவதை விட்டால் முகம் எரியும். எரிகிறதே என்று மறுபடி அதையே பூசுவார்கள்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் வீட்டில் விழும் ஒரு பேச்சு: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறந்தான் கொஞ்சம் கம்மி.” பிள்ளை காதுபட இதைச் சொல்லாதீர்கள். கேட்டு வளர்ந்தவள் போட்டோ எடுக்கும்போது பின்னால் ஒதுங்குவாள். கட்டியவன் அழகு என்று சொன்னாலும் கேலி என்றே எடுத்துக்கொள்வாள். இதனாலேயே எத்தனை வீடுகளில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சே குறைந்துபோயிருக்கிறது! சென்னையில் 2009-ல், கறுப்பும் அழகுதான் என்று சொல்லும் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் தொடங்கியும் நம் கல்யாணப் பேச்சு இன்னும் மாறவில்லை.

தன் நிறத்தை ஏற்றுக்கொள்வது பழகப் பழகத்தான் வரும். “இதுதான் அத்தை என் நிறம், வேற பேசலாமே” என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து “ஆமா, அதுக்கென்ன?” என்று கேட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட கிரீமை ஏற்கெனவே பூசி வருகிறீர்களா? கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தாமதிக்காதீர்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரைப் பாருங்கள்.