ஆலய வாசலில் கொட்டும் உப்பு

மார்க்கம் நகரை ஊடறுத்துப் பாயும் றூஜ் ஆற்றை எம்மவருட் பலர் பாலத்தின் மேலிருந்து மட்டுமே அறிவர். வாகனம் கடந்ததும் ஆறு மறந்துபோகும். ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலத்தில் ஊற்றெடுத்துத் தெற்கே இறங்கும் அந்த ஆறு, ரொறன்ரோவும் பிக்கறிங்கும் சந்திக்கும் எல்லையில் ஒன்ராறியோ வாவியிற் கலக்கின்றது. அதன் கரையோரக் காடுகளையும் வயல்களையும் உள்ளடக்கி, 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கனடாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. இலையுதிர் காலத்தில் வாவியிலிருந்து சல்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக இவ்வாற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறுகின்றன.

ஆறு வாவியிற் கலக்கும் இடத்தில் தேங்காய்களும் வாடிய மாலைகளும் பொலித்தீன் பைகளும் கரையொதுங்கிக் கிடப்பதை நாம் கண்டதுண்டு. பிதிர்க்கடன் செய்தவர்கள் விட்டுச்சென்றவை. அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. இறந்தவரின் சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைப்பது யாழ்ப்பாணத்தவரின் வழமை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமான பின்னர், ஊரில் இருந்தவர்களுக்கே அக்கடற்கரை எட்டாததாயிற்று. இங்கு இறந்தவர்களின் பிள்ளைகள் கிடைத்த நீரைத் தீர்த்தமாகக் கொண்டனர். ஆளற்ற அரச நிலத்திலும் அதன் மீதுள்ள நீர்நிலைகளிலும் சாம்பலைத் தூவ ஒன்ராறியோ மாகாணமும் இடமளிக்கின்றது. சாம்பல் கரைந்துவிடும், அதனைக் கொண்டுவந்த பை கரையாது. நியூயோர்க்கில் ஜமேக்கா விரிகுடாக் கரையில் இதே சிக்கல் எழுந்தபோது, 2011இல் தோன்றிய ‘சாதனா’ என்னும் இந்து அமைப்பு அடியார்களைத் திரட்டிக் கரையைத் துப்புரவாக்க முன்வந்தது. இங்கும் அது இயலாத காரியமன்று.

ஆயினும், கரையொதுங்கும் தேங்காய் கண்ணுக்குத் தெரிவதனாற் பேசப்படுகின்றது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு பொருள் எமது ஆலய வாசல்களிலிருந்தே ஆற்றைச் சென்றடைகின்றது. அது உப்பு.

எமது ஆலயங்களுக்கு நடந்து வருவோர் மிகச் சிலர். ஆகவே, பண்டகசாலையை மாற்றியமைத்த கோவிலாயினும் காணி வாங்கிக் கட்டிய கோவிலாயினும், மூலஸ்தானத்திலும் பன்மடங்கு பெரிதாக வாகனத் தரிப்பிடம் வேண்டியிருக்கின்றது. திருவெம்பாவையும் தைப்பொங்கலும் சிவராத்திரியும் உறைபனிக் காலத்திலேயே வருகின்றன. பனி உருகட்டும் என்று கொட்டும் உப்பு உருகிய நீரோடு மழைநீர் வடிகாலில் இறங்குகின்றது. அவ்வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதன்று, ஓடைக்கே செல்கின்றது. இடையிலுள்ள தடாகங்கள் சேற்றைத் தடுக்கும், உப்பைத் தடுக்கமாட்டா. வீதியுப்புச் சூழலுக்குத் தீங்கானது என்று 2001இலேயே கனேடிய மத்திய அரசின் ஆய்வு முடிவு கூறிற்று. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடிய குளோரைட்டின் அளவாக 2011இல் கனடாவில் வகுக்கப்பட்டது லீற்றருக்கு 120 மில்லிகிராம். கணக்கிட்டுப் பார்த்தோம்: ஒரு கிலோ உப்பு, ஏறத்தாழ 5,000 லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 20 கிலோ மூடை ஒன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர்.

உவர் என்றால் என்னவென்று எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லினுள்ளே கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பி வாழ்ந்தவர்கள் நாம். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு தாங்கிற்று. இயந்திரம் வைத்து அளவின்றி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உவர் ஏறிற்று. காணி வாங்கச் செல்பவர் உறுதியைப் பார்க்குமுன் கிணற்றுநீரை ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். அந்த நாக்கு இங்கு வந்து மரத்துப்போயிற்றோ? றூஜ் ஆறு சேரும் வாவியின் நீரே மார்க்கத்தின் குழாய்களில் வருகின்றது. அபிஷேகக் குடங்களை நிரப்புவதும் அந்நீரே.

பரிபாலன சபையினரின் மறுமொழியை நாம் அறிவோம். சேலையுடுத்த வயோதிபத் தாய் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி, வழக்கு வரும் என்ற அச்சமும் பொய்யன்று. 2021இல் திருத்தப்பட்ட ஒன்ராறியோச் சட்டத்தின்படி, தனியார் வளவிற் பனியில் வழுக்கிக் காயமுற்றவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதனால் வளவுக்காரரின் பொறுப்பு நீங்கிவிடாது. ஆயினும், இரு மடங்கு கொட்டிய உப்பு இரு மடங்கு பாதுகாப்பைத் தருவதுமில்லை. குளிர் மறை 10 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு அநேகமாகப் பயன்படாது. மணலே காலுக்குப் பிடிமானம் தரும். பனியை நேரத்தோடு வழித்துவிட்டால் சிறிதளவு உப்புப் போதும். அடியார் குறைந்த வார நாட்களில் தரிப்பிடத்தின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மூடலாம். உப்பை அளந்து இடுவதற்கு ஒப்பந்தகாரரைப் பயிற்றும் ‘ஸ்மார்ட் அபௌட் சோல்ற்’ என்ற அமைப்பு வாட்டர்லூப் பகுதியிலிருந்து தோன்றி இயங்குகின்றது.

கொட்டும் மூடைக்கேற்பக் கூலி கொடுத்தால் மூடை கூடத்தான் செய்யும். பருவம் முழுவதற்கும் ஒரே தொகை பேசினால் அந்த ஆசைக்கு இடமில்லை. எமது ஆலயப் பொதுக்கூட்டங்களில் தேருக்கும் கோபுரத்துக்கும் நள்ளிரவு வரை வாதிடுகின்றோம். கணக்கறிக்கையில் ‘பனி அகற்றல்’ என்ற ஒற்றை வரியை எவரும் நிறுத்தி வாசித்ததாக நினைவில்லை. அந்த ஒப்பந்தங்கள் புரட்டாதி, ஐப்பசியில், றூஜ் ஆற்றில் சல்மன் ஏறும் அதே வாரங்களிலேயே கையொப்பமாகின்றன.