கரண்ட் போனாலும் ஏர்கோன் ஓட வேண்டுமா?

ரப்பர்த் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஜெனரேட்டர் புதிதல்ல. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் அந்தி சாய்ந்ததும் இயந்திரம் ஓடும். இரவு குறிப்பிட்ட மணிக்கு நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். இன்றோ, பினாங்கு ஜெலுத்தோங் போன்ற பட்டணப் பகுதிகளில் படுக்கையறையில் ஏர்கோன் ஓடுவது சர்வ சாதாரணம். வசதி கூடக் கூட, கரண்ட் போனால் தவிப்பும் கூடுகிறது.

1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள், திரெங்கானுவின் பாக்கா பகுதியில் ஏற்பட்ட மின்கோளாறால் தீபகற்ப மலேசியாவே பல மணி நேரம் இருண்டு கிடந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல் மழையிலும் பலர் மின்சாரமின்றித் தவித்தனர். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால், ஜெனரேட்டர் வாங்கலாமா என்று தோன்றுவது இயல்பே. வாங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

1 குதிரைசக்தி ஏர்கோன் ஓடும்போது ஏறக்குறைய 800 முதல் 900 வாட் இழுக்கும். 1,000 வாட் ஜெனரேட்டர் போதுமே என்று நினைக்காதீர்கள். சாதாரண ஏர்கோனின் கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் தேவைப்படும். மூட்டை ஏற்றிய சைக்கிளுக்கு முதல் மிதிதானே கடினம்! சிறிய ஜெனரேட்டர் அப்போது திணறி நின்றுவிடும், ஏர்கோனும் பழுதாகலாம். ஆகவே 3 கேவிஏ-க்குக் குறையாமல் பாருங்கள். இன்வெர்ட்டர் வகை ஏர்கோன் மெதுவாகக் கிளம்புவதால் 2 கேவிஏ போதுமானதாக இருக்கும்.

முதலில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அது சீரானபின் ஏர்கோனைப் போடுங்கள். நிறுத்திய ஏர்கோனை மறுபடி போட மூன்று நிமிடமாவது பொறுங்கள்.

உயிருக்கு ஆபத்து

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். எனவே சமையலறை, கார் நிறுத்தும் கூரையடி, ஐந்தடிப் பாதை எதிலும் வைக்கக் கூடாது. திறந்த வெளியில், சன்னல் கதவுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி, மழை படாமல் வைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டிலும், இடமில்லாத வரிசை வீட்டிலும் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அண்டை வீட்டாரின் சன்னலும் சன்னல்தான்.

இன்னொன்று: ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுப்பது பெருங்குற்றம். அந்த மின்சாரம் வெளியே பாய்ந்து, தெரு மின்மாற்றியில் 11,000 வோல்ட்டாக ஏறி, கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியைக் கொன்றுவிடும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? அனுமதி பெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு பொருத்துங்கள். அல்லது தடித்த வயரில் ஏர்கோனை நேரே ஜெனரேட்டரில் இணையுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவே கூடாது.

செலவுக் கணக்கு

இந்த அளவு ஜெனரேட்டர் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இரவு எட்டு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர்! ஒரு மேசை விசிறிக்கோ 50 வாட் போதும். ஒரு ஏர்கோன் இழுக்கும் கரண்டில் பதினேழு பதினெட்டு விசிறிகள் சுழலும். நோயாளி இல்லாத வீட்டுக்கு பேட்டரி விசிறியும் திறந்த சன்னலும் போதும். நோயாளி இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுத்து, ஒரே ஏர்கோனை ஓட்டினால் பணமும் மிச்சம், பாதுகாப்பும் கூடும்.