ஓடும் ரயிலில் யாரைக் கூப்பிடுவது?

ரயிலில் நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் கட்டுச்சாதம், காற்றுத் தலையணை, பெட்டியைப் பூட்டச் சங்கிலி என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைக்கிறார்கள். வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால், சாமான் களவு போனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. இந்திய ரயில்வேயில் இதற்கெல்லாம் இன்று ஒரே எண்: 139.

முன்பு பாதுகாப்புக்கு 182, புகாருக்கு 138, விசாரணைக்கு 139 என்று தனித்தனி எண்கள் இருந்தன. பதற்றத்தில் எது எதற்கு என்று யாருக்கு நினைவிருக்கும்? 2020-இல் பெரும்பாலானவற்றையும், 2021 ஏப்ரல் 1 முதல் 182-ஐயும் 139-க்குள் சேர்த்துவிட்டார்கள். பட்டன் போனிலிருந்தே பேசலாம், இணையம் வேண்டாம். 12 மொழிகளில் இயங்கும் இந்தச் சேவையில் தமிழும் உண்டு.

மருத்துவ உதவிக்கும் பாதுகாப்புக்கும் எண் 1-ஐ அழுத்தினால் உடனே ஆள் பேசுவார். வண்டி எங்கே வருகிறது, பி.என்.ஆர். நிலை என்ன, சக்கர நாற்காலி கிடைக்குமா என்பதற்கெல்லாம் 2. பொதுப் புகாருக்கு 4. எதுவும் நினைவில்லாவிட்டால் நட்சத்திரக் குறியை அழுத்தினால் போதும்.

நாம் சொல்வது அந்த வண்டி அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரயில்வே கோட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து வண்டியிலிருக்கும் ஊழியர்களுக்கோ அடுத்து நிற்கும் நிலையத்துக்கோ தகவல் பறக்கிறது. மருத்துவரோ ரயில்வே பாதுகாப்புப் படையினரோ நடைமேடையில் காத்திருப்பது இப்படித்தான். ஆகவே பேச்சை எடுத்ததும் சொல்ல வேண்டியவை பி.என்.ஆர். எண், பெட்டி எண், பெர்த் எண். முன்பதிவில்லாப் பெட்டியில் இருந்தால் வண்டி எண்ணையும், எந்த நிலையத்தைத் தாண்டி வந்தோம் என்பதையும், எஞ்சினிலிருந்து எத்தனையாவது பெட்டி என்பதையும் சொல்லுங்கள். அழுகையும் ஆத்திரமும் அப்புறம் இருக்கட்டும்.

திருட்டு நடந்தால் நடுவழியில் இறங்கிக் காவல் நிலையம் தேடி ஓட வேண்டியதில்லை. டி.டி.ஆர்., கார்டு, காவலுக்கு வரும் போலீஸார் ஆகியோரிடம் புகார்ப் படிவம் இருக்கும். எழுதிக் கொடுத்தால் அது மாநில அரசின் ரயில்வே காவல் நிலையத்துக்குச் சேரும். 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது. தனியே செல்லும் பெண்களைப் புறப்படும் நிலையத்திலேயே சந்தித்து, இறங்கும்வரை கவனித்துக்கொள்ள ரயில்வே பாதுகாப்புப் படையின் 'மேரி சஹேலி' குழுக்கள் 2020 முதல் இருக்கின்றன. துணையில்லாமல் திரியும் குழந்தையைக் கண்டால் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

விபத்து நேரத்தில் வீட்டிலிருப்போர் கேட்க வேண்டியதும் 139-ஐத்தான். 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானபோது, உறவினர்களுக்குத் தகவல் சொல்ல இந்த எண்ணையும் ரயில்வே பயன்படுத்தியது.

ரயிலை விட்டு இறங்கிய பிறகு? மத்திய சுற்றுலா அமைச்சகம் 2016-இல் தொடங்கிய 1363 என்ற இலவச உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆனால் அதற்கு அறிவித்த 12 மொழிகளில் இந்தி, ஆங்கிலம் போக மீதி பத்தும் வெளிநாட்டு மொழிகள். ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் பேச வழி செய்தது நல்ல காரியம். காசியில் கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்டுத் தமிழ் மட்டுமே தெரிந்து நிற்கும் மூதாட்டியும் இந்த நாட்டின் பயணிதானே? தமிழையும் மற்ற இந்திய மொழிகளையும் அமைச்சகம் அதில் சேர்க்க வேண்டும். ரயில்வேயால் முடிந்தது அமைச்சகத்தால் முடியாததல்ல.

அதுவரை, வீட்டுப் பெரியவர்களை வெளியூர் அனுப்புகிறவர்கள் ஒரு தாளில் 139, பி.என்.ஆர். எண், பெட்டி, பெர்த் எண், உங்கள் கைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் கைப்பையில் வைத்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை படித்தும் காட்டிவிடுங்கள்.