ஆபீஸ் டீயும் ஆயாம்மாவின் டம்ளரும்

வீட்டில் டீ போடுவது நம் வேலை. சரி, ஆபீஸில் டீ போடுவது யார் வேலை? இந்தக் கேள்வியைச் சகோதரிகளிடம் கேட்க வேண்டுமென்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

பெரிய தொழிற்சாலைகளில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆறு பேர், எட்டுப் பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸில் ஏது கேன்டீன்? ஒரு மூலை, ஓர் அடுப்பு, நாலு டம்ளர், அவ்வளவுதான். பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து சேலத்துக்கு அப்படிப்பட்ட ஆபீஸுக்குப் போகிறாள் என் மகள். "கணக்கு எழுதத்தாம்மா சேர்ந்தேன். பதினோரு மணியானா எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறாங்க" என்கிறாள். ஆறு பேரில் இவள் ஒருத்திதான் பெண்! டீ போட்டு, டம்ளர் கழுவி முடிக்க அரை மணி. அந்த அரை மணி வேலை சாயந்திரம் பாக்கி நிற்கும், பஸ்ஸும் போய்விடும்.

இதற்குச் சண்டை எதற்கு? ஆறு பேர், ஆறு நாள். ஆளுக்கொரு நாள் முறை போட்டுக்கொள்ளலாமே! "எங்களுக்கு டீ போட வராது" என்பார்கள் ஆண்கள். மூன்று டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஆறு சின்னக் கரண்டி டீத்தூள், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பிறகு மூன்று டம்ளர் பால், ஒரு கொதி. இதில் வராததற்கு என்ன இருக்கிறது? ஒரு காகிதத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

இன்னும் சில:

* குடித்த டம்ளரை அவரவரே கழுவணும்.

* வடிகட்டியை உடனே தட்டி அலசணும். சக்கை காய்ந்தால் ஈ மொய்க்கும்.

* சர்க்கரையைத் தனியே வைத்தால் நீரிழிவுக்காரர்களுக்குச் சங்கடமில்லை.

* சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னும் பின்னும் டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் டீ தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை!

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவுக்கு மட்டும் ஜன்னலோரம் தனியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கடைகளில் இப்படி ஆள் பார்த்துக் குவளை ஒதுக்குவது 1955-ல் வந்த சட்டப்படியே குற்றம். கடைக்குத்தானே சட்டம், ஆபீஸ் மூலைக்கென்ன என்று வாதாட வேண்டாம். கடையில் தப்பானது ஆபீஸில் மட்டும் சரியாகிவிடுமா? "எனக்கு இதே போதும் கண்ணு" என்று ஆயாம்மாவே சொல்வார். அது பழகிப்போன பேச்சு. அதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

மகளின் ஆபீஸில் ஒரே மாதிரி ஏழு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவிட்டார்கள். முறை போடத்தான் இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்களாம்! உங்கள் ஆபீஸில் எப்படி? டம்ளரை எண்ணும்போது ஆயாம்மாவையும் சேர்த்து எண்ணுங்கள்.