நடுவில் நுழையும் வினையடை

ஆங்கிலத்தில் 'டு' என்ற சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வினையடை வரக்கூடாது என்பார்கள் பழைய இலக்கண வாத்தியார்கள். 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' தப்பாம்! 1864-இல் கேன்டர்பரி பேராலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்ட் இப்படி நடுவில் நுழைப்பதைக் கண்டித்து எழுதினார். ஆனால் 14-ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் அப்படி எழுதியாயிற்று; யார் கேட்பது? பொருள் குழம்புவதைவிட நடுவில் நுழைப்பதே மேல் என்று 1926-இல் ஆங்கில மொழி வழக்கு வல்லுநர் ஃபவுலர் சொன்னார். நியாயம்தானே? 'டு மோர் தேன் டபுள்', அதாவது இரட்டிப்புக்கும் மேலாக்குவது. இதில் 'மோர் தேன்' வேறெங்கே போகும்?

வினையடையை வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நுழைப்பதுதான் உண்மையில் உறுத்தும். 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' அல்ல, 'ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்'.