மழைக் கணக்கையும் விலைக் கணக்கையும் படமாக வரைதல்

சின்னசேலம் பிரதேசத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் பட்டாதாரர்களிற் பலர் மழையளவு, கிணற்று நீர்மட்டம், விற்பனைக்கூடத்து விலை முதலியவற்றைக் குறித்து வைப்பதுண்டு. ஆயினும் ஐந்து வருஷத்து எண்களை வரிசையாக வாசிப்பவருக்கு, விலை எம்மாதத்தில் இறங்கிற்று, எம்மாதத்தில் ஏறிற்று என்பது எளிதிற் புலப்படாது. அவ்வெண்களையே கோடாகவும் தூணாகவும் வரைந்துவிட்டால் ஒரே பார்வையில் விளங்கும். களத்திலுள்ள சோளத்தை உடனே விற்பதா, சிறிது காலம் இருப்பு வைப்பதா என்று முடிவு செய்ய இது பெரிதும் உதவும்.

இம்முறை புதியதன்று. ஸ்காத்லாந்து தேசத்தவராகிய வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வியாபாரக் கணக்குகளைக் கோட்டுப்படங்களாக அச்சிட்டார். பின்னர் இங்கிலாந்தில் விவசாயிகள் இடர்ப்பட்ட காலத்தில், 1821 வரையிலான சுமார் 250 வருஷத்துக் கோதுமை விலையைத் தூண்களாகவும் தொழிலாளியின் வாரக் கூலியைக் கோடாகவும் ஒரே தாளில் வரைந்து காட்டினார்.

இக்காலத்தில் இதற்குரிய சாதனங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலிற் பழகத்தக்கது கூகுள் ஷீட்ஸ். ஒரு பத்தியில் மாதத்தையும் அடுத்ததில் மழை மில்லிமீட்டரையும் எழுதி, இரண்டையும் தெரிந்தெடுத்து வரைபடம் சேர்த்தால் படம் தோன்றும். தலைப்புகளைத் தமிழிலேயே இடலாம். டேட்டாராப்பர் என்பது படத்தோடு தேசப்படமும் வரைய வல்லது. எவ்வகை எண்ணுக்கு எவ்வகைப் படம் ஏற்றது என்பதை ‘ஃப்ரம் டேட்டா டு விஸ்’ என்னும் தளம் கிளை கிளையாகப் பிரித்துக் கற்பிக்கிறது. 2011-ல் வெளியான டி3 மிக்க வல்லமையுடையது. ஆனால் கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்க்கே பயன்படும். முப்பரிமாணத் தூண்களைக் கலியாணப் பத்திரிகைக்கு விட்டுவிடலாம். அவை கண்ணை மயக்குமேயன்றி அளவை உணர்த்தா.

விலை விவரத்துக்கு மத்திய சர்க்காரின் அக்மார்க்நெட் தளத்தை நாடலாம். அதில் வரத்தும், குறைந்த விலை, அதிக விலை, பெரும்பான்மைச் சரக்கு விற்ற விலை ஆகிய மூன்றும் இருக்கும். அதிக விலையை மட்டும் வரைந்து பார்ப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். பெரும்பான்மை விலையைக் கோடாக வரைந்து, அதன் கீழ் வரத்தைத் தூண்களாக இடுதல் நலம்.

படமும் பொய் சொல்லும். குவிண்டால் 2,200 ரூபாயிலிருந்து 2,300 ரூபாயாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தூண்களின் அடியை 2,100-ல் தொடங்கினால் இரண்டாவது தூண் முதலாவதைப்போல் இருமடங்கு உயரமாய்த் தோன்றும். உண்மையிலோ ஏற்றம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆகவே தூண்களைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்குக. கோட்டுப்படத்துக்கு இந்நியதி இல்லை. ஆயினும் பக்கத்திலுள்ள எண்களைப் படித்த பின்னரே கோட்டை நம்புக.

நம் ஜில்லாவுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. விழுப்புரமோ 1993-ல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. பழைய விழுப்புரத்து மொத்தச் சாகுபடிப் பரப்பையும் இன்றைய கள்ளக்குறிச்சிப் பரப்பையும் ஒரே கோட்டில் இணைத்தால், ஒரே வருஷத்தில் பயிர் பாழானது போன்ற பள்ளம் தோன்றும். வட்டவாரியான எண்களைக் கொண்டு வரைவதே தக்கது. மழைக்கும் அப்படியே: ஜில்லா முழுவதற்கும் ஒரே வர்ணம் தீட்டிய படத்தில், கல்வராயன் மலைமீது பெய்த மழை சின்னசேலத்துச் சமவெளியின் வறட்சியை மறைத்துவிடக்கூடும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்றை முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, மழை இல்லையெனில் 0 என்று எழுதுக. பார்க்கத் தவறிய நாளின் கட்டத்தை வெறுமையாகவே விடுக. அதில் 0 இட்டுவிட்டால் கணினி அதை வறண்ட நாளாகவே கொள்ளும். மாதத்து மொத்தமும் குறைந்து காணும்.